டூ ட்வென்ட்டி த்ரீயா, டூ ஃபார்ட்டி த்ரீயா

கார் வாங்க ஏழு மாதம், வீடு வாங்க இரண்டு வருடம். பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்காரர்கள் ஃபாரத்தை நீட்டிக்கொண்டு நின்றும் பெயர் வைக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டவர் திருமூர்த்தி. ஆகவே துப்பாக்கி வாங்குவதில் அவர் பத்து வாரத்தில் ஒரு முடிவுக்கு வந்ததை அவசரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கோபிச்செட்டிபாளையத்துக்காரர். ஹூஸ்டனில் ஒரு எண்ணெய்க் கம்பெனிக்கு டேட்டாபேஸ் பார்க்கிறார். பேர்லேண்டில் மீனாட்சி கோயிலுக்கு ஐந்து நிமிட டிரைவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, தெற்கே தள்ளிப் பன்னிரண்டு ஏக்கர் வாங்கிக் குடிபோனார். கேட்டவர்களிடம் பண்ணை என்று சொல்லாமல் 'ராஞ்ச்' என்றார். ராஞ்சில் ஒன்பது ஆடுகள் இருந்தன. செப்டம்பர் முதல் வாரம் எட்டாயின. கயோட்டி வந்திருந்தது. நரியைவிடக் கொஞ்சம் பெரிசு, ஓநாயைவிடச் சிறிசு, டெக்சஸில் யார் வேலிக்கும் மரியாதை கொடுக்காத பிராணி.

மிச்சமிருந்த எட்டில் ஒன்று பிஸ்கட். மகள் வெண்பா பால்புட்டி வைத்து வளர்த்த பெட்டைக்குட்டி. ஸ்கூல் கிளப் சார்பில் ஜனவரியில் நடக்கும் கால்நடைக் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோக வேண்டும். வெண்பாவுக்குப் பதிமூன்று வயது. அப்பா தமிழில் நான்கு வரி கேட்டால் இங்கிலீஷில் "ஃபைன்" என்று ஒரு வார்த்தை வரும். ஆனால் பிஸ்கட் வந்த பிறகு அவளாகவே அவர் அறைக்கு வந்தாள். குளம்பை எப்படி வெட்டுவது, வயிறு உப்பினால் என்ன கொடுப்பது என்று கேட்டாள். அவருக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை மகள் அவரிடம் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பதவி உயர்வு வந்தபோதுகூட அவர் அவ்வளவு நிமிர்ந்து உட்காரவில்லை.

முதல் ஆடு போன அன்று அவள் கேட்டாள். "ஷீ வில் பி சேஃப், ரைட்?"

"அப்பா பாத்துக்கறேன் கண்ணு."

பக்கத்து நிலத்துக்காரர் டேல், எழுபதைத் தாண்டிய கிழவர், வேலியருகே வந்து தானே இரண்டு விடியற்காலை துப்பாக்கியோடு வந்து உட்காருவதாகச் சொன்னார். வேண்டாம், தானே வாங்கப்போவதாகத் திருமூர்த்தி சொல்லிவிட்டார். மகள் பார்க்க, தன் கையால் சுட வேண்டும் என்பது உள்ளே இருந்த கணக்கு. அதை டேலிடம் சொல்ல முடியாதே. எது வாங்கப்போகிறீர்கள் என்று டேல் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

பதில் தேடி எக்செல் திறந்தார். காலிபர் என்றால் குண்டின் பருமன்; அவ்வளவுதான் என்று நினைத்து ஆரம்பித்தவருக்கு ஐந்து வரிசை, பதினாறு பத்தி ஆகியும் அடங்கவில்லை. செவன்டீன் முயலுக்குத்தான் லாயக்கு. டூ நாட் ஃபோர் காற்றடித்தால் ஒதுங்கிவிடும். டூ ட்வென்ட்டி த்ரீ எந்தக் கடையிலும் கிடைக்கும், தோளை உதைக்காது. அவர் யோசனை கேட்டவர்களில் பாதிப் பேர் அதையே சொன்னார்கள். அதனாலேயே அவருக்கு அதன்மேல் சந்தேகம் வந்தது. எல்லாரும் வாங்குவதை வாங்கவா பத்து ரிவ்யூ படித்தோம்?

கலிபோர்னியா ஃப்ரீமான்ட்டிலிருந்து காலேஜ் நண்பன் மதன் போன் பண்ணினான். துப்பாக்கியை யூட்யூபில் மட்டும் பார்த்தவன்.

"மாப்ள, ட்வென்ட்டி டூ டூ ஃபிஃப்டி போடா. சும்மா லேசர் மாதிரி போவும்."

"பேரல் சீக்கிரம் தேஞ்சுருமாமே."

"எத்தன ரவுண்டுல?"

"ரெண்டாயிரம்ங்கறான்."

"உங்கிட்ட எத்தன கயோட்டி இருக்கு?"

திருமூர்த்திக்குத் தெரிந்து ஒன்று. ஆனாலும் துப்பாக்கிக் குழல் எத்தனை நாள் தாங்கும் என்று எக்செல்லில் போட்டிருந்த 'பேரல் ஆயுள்' பத்திக்கு அவர் கொடுத்திருந்த மதிப்பெண்ணைக் குறைக்க மனம் வரவில்லை.

கோயில் கமிட்டி ஜம்புநாதன் அங்கிள் வெங்காயம்கூடத் தொடாதவர். அவருக்கும் அபிப்பிராயம் இருந்தது. "நாளைக்கே உங்களுக்கு மான் வேட்டைக்குப் போகணும்னு தோணித்துன்னு வெச்சுக்கோங்கோ. இன்னொண்ணு வாங்குவேளா? டூ ஃபார்ட்டி த்ரீ எடுத்துண்டா ரெண்டுக்கும் ஆகும்."

மான் சுடும் யோசனை திருமூர்த்திக்கு அதுவரை வந்ததே கிடையாது. வந்த பிறகு போகவில்லை. எச்-ஒன் விசா காலத்திலிருந்து பழகிய புத்தி: இன்றைக்கு வேண்டியதை வாங்காதே, என்றைக்காவது வேண்டியிருக்கக்கூடியதை வாங்கு.

மனைவி கலாவதிக்கு எக்செல் தெரியாது, ஆடு தெரியும்.

"ஏனுங்க, அதுவரைக்கும் அந்தக் குட்டிய கராஜ்ல கட்டுனா என்னங்க?"

"கார எங்க சார்ஜ் போடறது?"

"டேல் வர்றேங்கறாரு, வரட்டுமே."

"நம்ம ஆட்டுக்கு அவுரு எதுக்கு?"

நவம்பர் பாதியில் முடிவு பிறந்தது. டூ ஃபார்ட்டி த்ரீ. கலாவதி கார்ச் சாவியை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இரு. தேங்க்ஸ்கிவிங் சேலுக்கு இன்னும் ரெண்டு வாரந்தான. துப்பாக்கியோட குறிபாக்கற ஸ்கோப்பு ஃப்ரீயாவே குடுப்பான்."

"கயோட்டிக்கு யாருங்க சொல்றது, ரெண்டு வாரம் பொறுக்கச் சொல்லி?"

அவர் சிரித்தார். வாட்ஸப் குழுவிலும் அதை ஜோக்காகப் போட்டார். இருபத்திரண்டு பேர் சிரித்தார்கள்.

சேலுக்குப் பதினொரு நாள் மிச்சமிருந்த திங்கட்கிழமை காலை, ஸ்கூல் பஸ்ஸுக்கு முன்னால் தீவனம் வைக்க வெண்பா வாளியோடு போனாள். கத்தல் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வரவில்லையே என்று லேப்டாப் பையோடு திருமூர்த்தி போய்ப் பார்த்தபோது வேலி அடியில் மண் பறிக்கப்பட்டிருந்தது. பிஸ்கட்டில் பாதிதான் இருந்தது. மகள் வாளியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"யூ செட் ஷீ வில் பி..." என்றாள். வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவரைத் தாண்டி நேராக டேல் வீட்டுக்கு நடந்தாள். குழி வெட்ட மண்வெட்டியோடு டேல் வந்தார். திருமூர்த்தியும் ஒரு மண்வெட்டி எடுத்துவந்தார். இருவர் வெட்டுமளவுக்குக் குழி பெரிசில்லை. வெண்பா ஓரமாக நின்று டேலிடம் மட்டும் ஏதோ பேசினாள்.

புதன்கிழமை விடிந்த கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு வெடி. திருமூர்த்தி செருப்பில்லாமல் ஓடினார். வேலிக்கு அந்தப் பக்கம், டேலின் டிரக் அருகே வெண்பா ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். அவள் எப்போது எழுந்து போனாள் என்று அவருக்குத் தெரியாது. புல்லில் கயோட்டி கிடந்தது. எலும்பும் தோலுமாக ஒரு தெருநாய் அளவுகூட இல்லை.

சொல்லியிருக்கக்கூடியவை நிறைய. ஸாரி கண்ணு என்று சொல்லியிருக்கலாம். டேலுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லியிருக்கலாம். பேசாமல் அவள் தோளில் கை வைத்திருக்கலாம். அவர் கண், கிழவர் கையிலிருந்த வார்னிஷ் போன பழைய துப்பாக்கிமேல் போயிற்று.

"வாட் காலிபர்?" என்று கேட்டார்.

டேல் தொப்பியைக் கழற்றினார். துப்பாக்கியைப் பார்க்கவில்லை, சின்னப் பெண்ணைப் பார்த்தார்.

"இப்ப அது எதுக்குப்பா?" என்றாள் வெண்பா.

தமிழில் சொன்னாள். 'எதுக்கு' என்பதில் கு கொஞ்சம் வழுக்கியது. வீட்டில் எத்தனை கெஞ்சியும் பேசாத தமிழ், வெளியாள் முன்னால் அப்பா கேவலப்படக் கூடாது என்பதற்காக வந்திருந்தது. அது போதாதென்று டேல் பக்கம் திரும்பி இங்கிலீஷில், "ஹீ இஸ் ஜஸ்ட் அப்செட்," என்று அவருக்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

திருமூர்த்தி அப்செட் ஆகவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.