அறுபது நிமிடம் என்று முன்கூட்டியே எழுதியவள்

முதலில் மக்கர் செய்தது வலது கையின் நடுவிரல். ஒரு நாள் காலை பற்பசை மூடியைத் திருக முடியாமல் கணவரிடம் நீட்டினேன். அவர் பெயர் ஏழுமலை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "இதுக்குக் கூடவா ஆளு கூப்புடுவ?" என்று சிரித்தார். பத்தே நாளில் இரண்டு கைகளும் வீங்கின. அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

எனக்கு முப்பத்தாறு வயது. ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டு தயாரிக்கும் கம்பெனியில் ஒன்பது வருடமாக வேலை. ஒரு பலகையில் வயர்களை வரிசையாகப் பதித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய துளையில் செருக வேண்டும். அங்கே விரல்தான் படிப்பு, அனுபவம், சிபாரிசு எல்லாம். விரல் மடங்காதவளை லேபிள் ஒட்டும் மேசைக்கு அனுப்பினார்கள். தற்காலிகம்தான் என்றார்கள். அந்த மேசைக்குப் போன யாரும் வயர் செருகும் லைனுக்குத் திரும்பி நான் பார்த்ததில்லை. அடுத்த ஸ்டாப் வீடுதான்.

சென்னையில் பார்த்த டாக்டரம்மா, இது முடக்குவாதம் (உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்கும் நோய்) என்றார். வாரம் ஒருமுறை போடும் மாத்திரை தந்தார். ஓரளவுதான் கேட்டது. காலை விறைப்பு (தூங்கி எழுந்ததும் மூட்டுகள் மடங்காமல் இறுகி நிற்பது) மட்டும் போகவே இல்லை. ஆறு மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கே எழுந்து, கைகளைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு வருடம் இப்படிப் போன பிறகு, ஆய்வில் இருக்கும் ஒரு மருந்தைப் பற்றி (இன்னும் விற்பனைக்கு அனுமதி கிடைக்காதது) டாக்டர் சொன்னார். ஊசி கிடையாது, பழைய மாத்திரையோடு தினம் இன்னொரு மாத்திரை. ஆனால் சிலருக்கு மருந்து இருக்கும், சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. உள்ளே ஒளிந்திருக்கும் காசநோய் இந்த மருந்தால் கிளம்பிவிடக் கூடாதே என்று முதலில் அதற்குச் சோதித்தார்கள். தமிழில் இருந்த படிவத்தை முழுக்க வாசித்துக் காட்டினார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று இரண்டு தடவை சொன்னார்கள்.

ஏழுமலைக்கு இஷ்டமில்லை. "உன்ன வெச்சி டெஸ்ட் பண்ணிப் பாக்குறாங்கோ. இது நமக்குத் தேவையா மே?"

"லேபிள் ஒட்டிக்கினு கீறதுக்கு இது மேலுய்யா," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்தே கோணலாகத்தான் வந்தது.

மாத்திரையோடு ஒரு நோட்டும் தந்தார்கள். தினமும் விறைப்பு எத்தனை நிமிடம் இருந்தது என்று அதில் எழுத வேண்டும். இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. எங்கள் லைனில் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சரிபார்ப்புத் தாள் தொங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மெஷினைப் பார்த்து டிக் போட வேண்டும். நாங்கள் ஷிஃப்ட் தொடங்கும்போதே மொத்தக் கட்டத்துக்கும் டிக் போட்டுவிடுவோம். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் காலிக் கட்டத்தைக் கண்டால்தானே முறைப்பார்கள்! ஒன்பது வருடப் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து, மாதம் முழுவதற்கும் அறுபது, அறுபது என்று எழுதி முடித்தேன். வேலை முடிந்த திருப்தியில் ஒரு டீயும் போட்டுக் குடித்தேன்.

அடுத்த முறை போனபோது டாக்டர் நோட்டைப் புரட்டினார்.

"இன்னைக்குத் தேதி என்ன, கஸ்தூரி?"

"பதினெட்டு, மேடம்."

"அப்ப இருபத்தாறாம் தேதி உங்களுக்கு எவ்வளவு நேரம் விறைச்சதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

வெட்கத்தில் உடம்பே குறுகிவிட்டது. சரிபார்ப்புத் தாள் கதையைச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் பேசினார். "மருந்து உங்களுக்குக் கேக்குதான்னு இந்த நோட்டுதான் சொல்லணும். ஒத்துக்கலைன்னாலும் இதுதான் எனக்குச் சொல்லணும். நான் இதை மறைக்க முடியாது. ஆய்வு நடத்துறவங்களுக்கு எழுதுறேன். உங்களை வச்சுக்கிறதா வேணாமான்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க."

அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கிடைத்த ஒரே வழியை என் கையாலேயே அடைத்துவிட்டேனே என்று அழுதேன். ஏழுமலைக்கு மட்டும் கிண்டல் குறையவில்லை. "ஒரு மாச மாத்திரையையும் ஒரே நாள்ல முழுங்காம வுட்டியே, அத்த நெனச்சி சந்தோசப்படு," என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

பொய்யாக எழுதியதையெல்லாம் கணக்கில் சேர்க்க மாட்டோம், தொடரலாம் என்று போன் வந்தது. மறுநாள் முதல் கடிகாரம் பார்த்து எழுதினேன். முதல் நாளே எழுபத்தைந்து. நான் கற்பனையில் எழுதியதைவிட அதிகம்! என் நோயை நானே அதுவரை சரியாகப் பார்த்ததில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டாம் மாதம் ஐம்பது. மூன்றாம் மாதம் முப்பது. நடுவில் ஒருநாள் திடீரென்று தொண்ணூறு. இறங்கிக்கொண்டிருக்கும்போது இதென்ன அபசகுனம் என்று, முப்பதையே எழுதப் பேனா துடித்தது. தொண்ணூறு என்றுதான் எழுதினேன். லேசான காய்ச்சலும் இருக்கவே, டாக்டருக்குப் போன் செய்தேன். நெஞ்சில் கிருமித் தொற்று. இந்த வகை மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கக்கூடும் என்பதால், சரியாகும் வரை மாத்திரையை நிறுத்திவைத்தார். மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

ஆறாம் மாதம் ஐந்து நிமிடம். சி.ஆர்.பி. (அழற்சி எவ்வளவு என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) சரியான அளவுக்கு வந்திருந்தது. டாக்டர் என் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். எதுவும் வலிக்கவில்லை.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வந்தது மருந்துதானா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆய்வு முடிந்தபிறகுதான் சொல்வார்கள். எனக்குக் கேட்டது உங்களுக்குக் கேட்கும் என்றும் சொல்ல முடியாது. உங்கள் டாக்டரைக் கேளுங்கள். ஆனால் அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நல்ல நாளையும், கெட்ட நாளையும்.

லைனுக்குத் திரும்ப ஒரு சோதனை வைத்தார்கள்; குறித்த நேரத்துக்குள் ஒரு பலகை வயரையும் செருகி முடிக்க வேண்டும். சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர், கறாரானவர். கையில் கடிகாரத்தோடு பக்கத்திலேயே நின்றார். அத்தனை வயரையும் செருகி முடித்து நிமிர்ந்தேன். நேரம் இன்னும் மீதி இருந்தது. அவர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். எதுவும் கழன்று வரவில்லை.

"நாளைக்கு நாலாம் போர்டுக்கு வந்துருங்கம்மா. லேபிள் மேசைக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன்," என்றார்.

ஜெயித்துவிட்டேன். அன்று கேன்டீனில் எல்லாருக்கும் நானே பரிமாறினேன்.

போன வாரம் ஒருநாள் கண் விழித்தபோது மணி ஐந்தரை. அசந்து தூங்கியிருக்கிறேன். அலறியடித்து எழுந்து, குளித்து, மாத்திரை போட்டு, தலை பின்னிக்கொண்டே ஓடினேன். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. கையைக் காட்டி நிறுத்தி, கம்பியைப் பிடித்து ஏறினேன். லேட்டாகிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டு ஓடுவது எவ்வளவு பெரிய சுகம்! ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் உறைத்தது. எனக்குக் கை என்று ஒன்று இருப்பதையே அன்று காலை நான் மறந்துபோயிருந்தேன்.