சத்தம் வராத வீடியோ கேம்

வேலூரில் நான் வேலை செய்யும் சர்வீஸ் கடைக்கு எப்போதாவது பழைய வீடியோ கேம் பெட்டி வரும். கேசட் செருகி, டி.வி.யில் மாட்டி விளையாடும் அந்தக் காலத்துச் சாமான். கொண்டு வருகிறவர்கள் நரை எட்டிப் பார்க்கிற வயதுக்காரர்கள். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைத் தூக்கி வருவதுபோலத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். "படம் வருது மேடம், சத்தம்தான் வரல" என்பார்கள். அந்த வாக்கியம் மட்டும் எனக்கு ஆகாது. வேறு எந்தக் கோளாறானாலும் முகம் சுளிக்காமல் செய்வேன். சத்தம் வராத பெட்டி என்றால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். கிறுக்குப் பிடித்தவள் என்று கடையில் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும்.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு பெட்டி வந்தது. மலைமேல் புதூர்நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய், ஜீப்பும் இனி முடியாது என்று நின்றுவிடும் இடத்திலிருந்து நடந்தால் எங்கள் ஊர். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த சித்தப்பா, யாரோ கழித்துப் போட்டதை எனக்கென்று வாங்கி வந்திருந்தார். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த டி.வி.யில் மாட்டினோம். படம் ஜோராக வந்தது. ஒரு குட்டி மனிதன் ஓடினான், குதித்தான், குழியில் விழுந்தான், எல்லாம் ஊமையாக. திருப்பூரில் நன்றாகத்தான் கத்தியது என்று சித்தப்பா அடித்துச் சொன்னார். குதித்தால் எப்படிக் கேட்கும், விழுந்தால் எப்படிக் கேட்கும் என்று வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். கேட்காத அந்தச் சத்தத்துக்காக நான் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மேஸ்திரி மலையேறி வரத் தொடங்கினார். கண்ணமங்கலம் பக்கத்து ஆள். ஒரு காலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். பிறகு அதைவிட வரும்படியுள்ள தொழிலுக்கு மாறிவிட்டார். மலையிலிருந்து ஆண்களைச் சேர்த்து ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்ட அனுப்புவதுதான் அந்தத் தொழில். போய் வந்தவர்கள் பைக் வாங்கினார்கள். போய் வராதவர்களும் இருந்தார்கள். சிலர் ஜெயிலில், சிலர் எங்கே என்றே தெரியாமல். பக்கத்து ஊரில் ஒருவரை ஆம்புலன்சில் கொண்டுவந்து இறக்கிய அன்று, அம்மா அப்பாவைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கற்பூரத்தின்மேல் சத்தியம் வாங்கினாள். அந்த வேலைக்குப் போகமாட்டேன் என்று அப்பாவும் கையடித்துக் கொடுத்தார். ஆனால் யாருடைய பைக்காவது வாசலில் நின்றால், அதைச் சுற்றிவந்து ஒரு தரம் தொட்டுப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது.

மேஸ்திரியை மாமா என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிட்டேன். அவர் என் பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் உட்கார்ந்துவிட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டு என்னை அனுப்பினார். ஊற்றிலிருந்து மொண்டுகொண்டு நான் திரும்பி வருவதற்குள் நோய் தெரிந்துவிட்டதாம். "ஒயரு போச்சு பாப்பா. கீழ போய் வேற எட்த்துனு வர்றேன்" என்றார். அப்பா பக்கத்திலேயே குந்தியிருந்தார். அன்று மேஸ்திரி எங்கள் வீட்டில் சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டு, ஆந்திரா பேச்சே எடுக்காமல் போனார்.

அடுத்த முறை புது ஒயர் வந்தது, சத்தம் வரவில்லை. டி.வி.யின் மேலேயே சந்தேகம் என்றார். படத்துக்கான மஞ்சள் பின்னைப் பிடுங்கி, சத்தத்துக்கான வெள்ளை ஓட்டையில் செருகினார். டி.வி. அலறியது. நான் பயந்து சுவரோடு ஒட்டிக்கொள்ள, அவர் சிரித்தார். அலறுகிறது என்றால் டி.வி.யில் குற்றமில்லையாம், பெட்டிக்குள்தான் கோளாறாம். இதை நான் இன்றும் கடையில் செய்கிறேன். நல்ல சோதனை. அந்த ஆளிடமிருந்து கற்றுக்கொண்டது என்று மட்டும் கடையில் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு ஒருநாள் திருப்புளியோடு வந்து பெட்டியைத் திறந்தார். பிரஷ்ஷால் தூசி தட்டினார், ஊதினார், கண்டன்சர் போயிருக்கிறது என்று ஒரு குட்டி உருளையைக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் சாப்பாடு, ஒவ்வொரு தடவையும் அப்பாவோடு பேச்சு. மழையைப் பற்றி, புளி விலையைப் பற்றி, போய் வந்தவர்கள் வாங்கிய பைக்கைப் பற்றி. அம்மா பரிமாறும்போது கரண்டி சட்டியில் இடிக்கிற இடியே அவள் மனசைச் சொல்லும். எனக்கு அம்மாமேல்தான் கோபம். எனக்காக மலையேறி வரும் மனிதருக்கு முகம் கொடுத்துப் பேசினால் என்ன குறைந்துவிடும்?

கண்டன்சரோடு அவர் வந்த அன்று கரண்ட் இல்லை. அதற்கும் அசரவில்லை. பற்றவைக்கும் கம்பியை எங்கள் அடுப்புத் தணலில் காயவைத்தார். ஈயம் உருகிய வாசனை வீடெல்லாம் பரவியது. முடித்து மூடி, கரண்ட் வரும்வரை காத்திருந்தோம். வந்தது. குட்டி மனிதன் குதித்தான், கூடவே சத்தமும் குதித்தது. சித்தப்பா வாயால் போட்டதுபோல இல்லவே இல்லை, ஆயிரம் மடங்கு நன்றாக இருந்தது. நான் கத்திய கத்தலில் கோழிகள் கூரையேறின.

அப்பா கூலி எவ்வளவு என்று கேட்டார். மேஸ்திரி காதில் விழாதவர்போல ஈயத்தைச் சுருட்டினார். பிறகு, "நம்ம வூட்டு கொழந்தைக்கு செஞ்சதுக்கு காசு இன்னாத்துக்குண்ணா? எனக்கு ஒரு ஆளு கொறையுது. மாத்தாளா ஒரு நடை போய்ட்டு வா, போதும்" என்றார்.

மாத்தாள் என்றால் எங்கள் மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாமை அறுப்புக்கு ஒருவர் நம் நிலத்தில் வந்து உழைத்தால், அவருக்கு நாம் போய் உழைக்க வேண்டும். காசு கொடுத்துக் கணக்கை முடிப்பது கேவலம். ஆள் திருப்பாத வீடு என்று பெயர் வாங்கிவிட்டால் அடுத்த அறுப்புக்கு ஒரு மனிதர் எட்டிப் பார்க்கமாட்டார், பெண் கேட்டும் வரமாட்டார்கள். கீழ்நாட்டு மேஸ்திரி இதை எங்கோ கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "மாத்தாளு நெலத்து வேலைக்குதான். பொட்டிய ரிப்பேர் பண்ணதுக்கு இன்னா மாத்தாளு?"

"வேல வேலதானக்கா. எத்தினி வாட்டி மலையேறி வந்துகீறேன், நீங்களே சொல்லுங்க."

அம்மா வெளியே போய் இரண்டு கோழிகளைக் காலைக் கட்டிக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டாள். எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். அவர் கோழியைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார்.

"வூடு தேடி வந்து செஞ்ச மன்சனுக்கு கோழிய குட்த்து அனுப்பறதா? நாளைக்கு ஊரு இன்னா பேசும்?" என்றார் அப்பா. கோழிகளை அவரே அவிழ்த்துவிட்டார்.

ஊர் வழக்கத்துக்கு முன்னால் கற்பூரச் சத்தியம் எந்த மூலைக்கு? சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அம்மா என்மேல் எரிந்து விழுந்தாள். எனக்கு நல்லது நடந்தால் இவளுக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டு விளையாடினேன்.

அப்பா ஒரு நடை போனார். காட்டில் பிடித்துவிட்டார்கள். மேஸ்திரியை அதன்பிறகு மலையில் யாரும் பார்க்கவில்லை. சாமையும் புளியும் அம்மா ஒருத்தியின் தலையில் விழுந்தன. அறுப்புக்கு ஊரார் மாத்தாளாக வந்தார்கள், திருப்பிச் செய்ய அம்மா தன் உடம்பையே கொடுத்தாள். அப்பா ஜெயிலிலிருந்து வந்தபோது நான் திருப்பத்தூரில் ஹாஸ்டலில் தங்கி பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். முதுகு வளைந்து, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிற ஒரு கிழவர் வந்து சேர்ந்தார்.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற திமிரில் ஒரு லீவில் அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் திறந்தேன். மாற்றியதாகச் சொன்ன கண்டன்சர், பெட்டி செய்தபோது வைத்த அதே கண்டன்சர். ஒயர் செருகும் ஓட்டையின் கம்பிக் கால் ஒன்றில் மட்டும் புது ஈயம் மின்னியது. ஜீப் குலுக்கலில் அந்தக் கால் விட்டுப்போயிருக்கிறது. பத்து நிமிட வேலை. அதற்காக எத்தனை நடை, எத்தனை சோறு! பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்பா வாசலில் கட்டிலில் படுத்திருந்தார். அம்மா பக்கத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு உன்ன நல்லா ஏமாத்திட்டான்பா. மொத நாளே முடிஞ்சிருக்கும் இந்த வேல" என்றேன்.

அப்பா பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும். நீ தண்ணிக்கு போயிருந்த. அவன் ஒயர கட்டவெரலால அமுக்குனான், சத்தம் வந்துச்சு. கைய எட்த்துட்டான், சொல்லல. நான் பாத்துனுதான் இருந்தேன்."

"பின்ன ஏன் போன?"

"உங்கம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டனே. ஒரு சாக்கு இல்லாம எப்பிடி போறது?"

அம்மாவின் புளிக்கட்டை ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவளுக்கு இது புதுச் செய்தி இல்லை போலிருக்கிறது. சத்தம் வந்த அன்று எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்டது நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்பாவும் சந்தோஷப்பட்டிருக்கிறார்.