ஐந்தடித் தொட்டியும் நாலரை மணியும்

உங்கள் வீட்டு ஹாலில் ஒரு காரை நிறுத்துவீர்களா? எங்கள் வீட்டில் நிறுத்தினோம். கார் இல்லை… அந்தக் கனத்தில் ஒரு மீன் தொட்டி.

ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். மலாக்கா பக்கம் செர்காமில் வீடு மாறிப் போகிற ஒருவரிடமிருந்து என் கணவர் ஆசை ஆசையாக வாங்கி வந்தார். தொட்டி மட்டும்தான் வந்தது. அதை உட்கார வைக்க ஸ்டாண்டு கிடையாது.

"கடையில ரெடிமேடா கிடைக்கும்ங்க," என்றேன்.

"முப்பது வருசமா ஃபேக்டரில மெஷினுக்கே ஸ்டாண்டு போடுறேன். மீனுக்குப் போட மாட்டேனா?"

இதற்கு மேல் பேச்சு உண்டா?

செங் ஃபேக்டரியில் அவரோடு வேலை பார்க்கும் மூர்த்திதான் வெல்டிங். இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கார் போர்ச்சில் நெருப்புப் பொறி பறந்தது. இரும்புச் சட்டம், மேலே தடித்த பலகை, கறுப்புப் பெயிண்ட், காலுக்குக் கீழே திருகி ஏற்றி இறக்க நட்டு. ஸ்டாண்டு நன்றாகத்தான் வந்தது. யானையே ஏறி நிற்கலாம் என்றார் கணவர். எங்கள் பாயா ரும்புட்டில் யானைக்கு எங்கே போவது? அதனால் அவரே ஏறி நின்று குதித்துக் காட்டினார்.

எனக்கு அப்போதே பயம்தான். காரணம் இருக்கிறது. அந்த ஹாலில்தான் வாரத்தில் நான்கு நாள் டியூஷன் நடத்துகிறேன். எட்டுப் பிள்ளைகள், எல்லாம் ஆரம்பப் பள்ளி மூன்றாம் ஆண்டு. பாயில் வரிசையாக உட்காருவார்கள். அவர்களுக்கு முன்னால் ஐந்நூற்று அறுபது லிட்டர் தண்ணீர் நிற்கப்போகிறது. கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தது என் தப்பு. பார்த்த பிறகு தூக்கம் போயிற்று.

அடுத்த ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டு ஆண்களும் கைகொடுக்க, தொட்டி ஸ்டாண்டில் ஏறியது. அப்போதுதான் மூர்த்தி தலையில் கை வைத்தார். நடுவில் காற்றுக் குமிழி ஓடுமே, அந்த லெவல் கட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டாராம்.

"எடுத்துட்டு வந்துர்றேண்ணே. நான் வர்ற வரைக்கும் தண்ணி மட்டும் ஊத்திராதீங்க."

மணி மூன்றே முக்கால். நாலேகாலுக்குப் போன் வந்தது. சாலையில் ஜாம். ஞாயிற்றுக்கிழமை மலாக்காவில் ஜாமைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

இங்கேதான் நான் உள்ளே வருகிறேன்.

சுவரில் காலண்டர். நாலரையிலிருந்து ஆறு வரை இராகு காலம். "ஆறு மணிக்கு மேல் ஊற்றினால் ஆகாதா?" என்று கேட்பீர்கள். ஆறு மணிக்கு மூர்த்தி கிளம்ப வேண்டும். மறுநாள் அஷ்டமி. அதற்கு மறுநாள் நவமி. வீட்டுக்குப் புதிதாக வருகிற தண்ணீர் ஆயிற்றே!

"ஏங்க, நாலரைக்குள்ள ஊத்திருங்க."

"அவன் வரட்டும்லா. லெவல் பாக்கணும்."

"ஒரு குடமாவது ஊத்துங்க. சாஸ்திரத்துக்கு."

ஒரு குடத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பத்தியை எழுதியிருக்கவே மாட்டேன். குடத்தை ஊற்றியதும் தண்ணீர் அடியில் பளபளத்தது. பார்க்க அழகாக இருந்தது. "அப்படியே ஹோஸையும் போட்டுருங்களேன், ஸ்டாண்டுதான் அவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்கே," என்று சொன்னதும் நான்தான். மனிதர் அந்த ஒரு சொல்லில் உருகிவிட்டார்.

மூர்த்தி வந்தபோது ஐந்தரை. தொட்டி நிறைந்து நின்றது. பழைய சின்னத் தொட்டியிலிருந்த ஆறு தங்கமீன்களும் குடிவந்துவிட்டன. மூர்த்தி லெவல் கட்டையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தண்ணீரே காட்டிக்கொடுத்தது. வலது பக்கம் தொட்டியின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. இடது பக்கம் ஒரு விரல்தான்.

"அலாமா… யாருண்ணே ஊத்துனது?"

நான் அடுப்படியில் தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தேன். கரண்டி நின்றது. வாய் திறக்கவில்லை.

"நான்தாண்டா," என்றார் கணவர். "சும்மா, எப்படி இருக்குன்னு பாப்போமேன்னு…"

"பாரம் ஒரே மாதிரி உக்காரணும்ணே. இறக்கிருவோம்."

"இவ்ளோ தண்ணியையுமா? ரெண்டு நாள் பாப்போம்லா."

தண்ணீர் மட்டத்தில் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு மூர்த்தி போனார். கணவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

திங்கட்கிழமை டியூஷன். பாயைச் சாப்பாட்டு மேசை வரைக்கும் பின்னால் இழுத்துப் போட்டேன். பயன்? பிள்ளைகள் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து கண்ணாடிக்குப் போய்விட்டார்கள். ஏழாம் வாய்பாடு சொல்லிக்கொடுத்தபடி டேப்பைப் பார்த்தேன். இறங்கியிருக்கிறதா? இல்லையா? என் கண்தான் சாய்ந்துவிட்டதா? வகுப்பைப் போர்ச்சுக்கு மாற்றியிருக்கலாம். மாற்றினால் பெற்றோர் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். அந்த வெட்கத்துக்காக எட்டுப் பிள்ளைகளை அங்கேயே உட்கார வைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை யாழினி கையைத் தூக்கினாள். எதையும் கவனிக்கிற பிள்ளை.

"டீச்சர், அந்தப் பக்கம் தண்ணி நெறய இருக்கு, இந்தப் பக்கம் கொஞ்சமா இருக்கு. ஏன் டீச்சர்?"

"கண்ணாடில அப்படித்தான் தெரியும்மா," என்றேன்.

ஒன்பது வயதுப் பிள்ளையிடம் நல்ல பொய். சொல்லி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

டொக்.

ஒரே ஒரு சத்தம். தொட்டிக்கு அடியிலிருந்து. மீன்கள் ஒரு மூலைக்கு ஓடின.

"எல்லாரும் வெளிய! பேக் வேணாம், வெளிய வாங்க!"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. எட்டுப் பேரையும் போர்ச்சில் நிறுத்தி எண்ணினேன். மறுபடி எண்ணினேன். கடைசிப் பிள்ளையை அம்மா வந்து கூட்டிப் போகும்வரை வாசலை மறித்து நின்றேன். பிறகு ஹோஸை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனேன். வாயால் உறிஞ்சித்தான் தண்ணீரை இழுக்க வேண்டியிருந்தது. மீன் தண்ணீரின் ருசி எப்படி என்று கேட்காதீர்கள்.

கணவர் வேலை முடிந்து வந்தபோது வாசல் லோங்காங் சாக்கடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ற? யாரைக் கேட்டுத் தொறந்துவிட்ட?"

"டொக்னு சத்தம் கேட்டுச்சு. பிள்ளைங்க உள்ள இருந்தாங்க."

அவர் பையைக் கீழே போட்டார். பின்பக்கம் போய் இன்னொரு ஹோஸை எடுத்து வந்தார்.

மீன்கள் பழைய சின்னத் தொட்டிக்கே திரும்பின. பெரிய தொட்டி காலியானதும் மூர்த்தி வந்தார். எல்லாரும் சேர்ந்து தொட்டியை இறக்கி, ஸ்டாண்டை நகர்த்தினோம். பின்பக்கத்துக் கால் ஒன்றின் கீழ் தரை ஓடு மூன்றாக உடைந்து உள்ளே இறங்கியிருந்தது. மூர்த்தி ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சுற்றிலும் தட்டினார். குடத்தைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது.

"கோசோங் அண்ணி. ஓட்டுக்கு அடியில ஒன்னுமே இல்ல, வெறும் பொந்து. லெவல் வைக்கிறப்ப ஒவ்வொரு கால்கிட்டயும் தட்டிப் பாத்திருப்பேன். அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா…"

முடிக்கவில்லை. முடிக்காததே நல்லது.

"மூர்த்தி, அன்னிக்கு ஊத்தச் சொன்னது நான்தான்."

அவர் தலையைத் தூக்கவில்லை. "தெரியும் அண்ணி. அண்ணன் என்னிக்கு நல்ல நேரம் பாத்திருக்காரு?"

கணவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மூவருக்குள் முடிகிற கதையா இது?

மறுநாள் காலை பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். சாய்வு, டேப், நான் வாய் திறக்காதது, டொக்… ஒன்றையும் விடவில்லை. அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. சிரிக்கிற முகங்கள், கும்பிடுகிற கைகள். "மீன் சேஃபா டீச்சர்?" என்று ஒரு அம்மா கேட்டார்.

யாழினியின் அப்பா மட்டும் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை.

"சொன்னதுக்கு நன்றி டீச்சர். ஆனா, திங்கக்கிழமையே உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்," என்றேன்.

"சரி டீச்சர்," என்று வைத்துவிட்டார்.

மூர்த்தி அந்த ஓடுகளைப் பெயர்த்து, சிமெண்டு போட்டு, காலுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்து, லெவல் பார்த்து முடிக்க ஒன்றரை வாரம் ஆயிற்று. இப்போது தண்ணீர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்கிறது. டியூஷனுக்கு ஏழு பிள்ளைகள் வருகிறார்கள்.

யாழினி வருவதில்லை. அவள் என் பிள்ளையாக இருந்தால் நானும் அனுப்பியிருக்க மாட்டேன்.