தட்டிப் பார்த்த தரை

என் ஓரகத்தி வீடு வாங்கப்போகிறாள் என்று என் கணவர் சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அப்படியா, நல்லது என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து களைந்தேன். அன்றைக்கு அந்த அரிசி ஐந்து தண்ணீர் கண்டிருக்கும்.

அவள் என் கணவருடைய தம்பி மனைவி. எனக்குப் பத்து வருடம் கழித்து இந்தக் குடும்பத்துக்கு வந்தவள். தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கொழுந்தன் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறார். நாங்களோ கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீட்டு மாடியில் இருக்கிறோம். சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் கீழே போய் வீட்டுக்காரம்மாவைக் கேட்க வேண்டும். முதலில் வந்தவள் நான்தானே, முதலில் வீடு வாங்க வேண்டியவளும் நான்தானே என்று எனக்கு இருந்தது. இதில் என்ன நியாயம் என்று கேட்டால் பதில் கிடையாது. வயிறு எரியும்போது நியாயம் எங்கே வரும்?

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் பதினோரு படம் அனுப்பினாள். பழைய வீட்டை இடித்துக் கட்டாமல், உள்ளே மட்டும் மொத்தமாகப் புதுப்பித்து விற்கிறார்கள். கூடத்தில் வெள்ளை டைல்ஸ், கூரைக்குக் கீழே வெள்ளைப் பலகை அடித்து அதில் குட்டிக் குட்டி விளக்கு, சமையலறையில் கிளிப்பச்சை அலமாரி. அந்தப் பச்சை என்னைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கி, எங்காவது விரிசல் இருக்கிறதா என்று தேடினேன். படத்தில் ஒன்றும் தெரியவில்லை. சூப்பர் என்று பதில் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே போன் செய்து, அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் நீங்கள் ஒருதடவை வந்து பார்க்க வேண்டும் என்றாள். பெருமையைக் காட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். இருந்தாலும் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் ஒரு பட்டுச்சேலைக் கடையில் சேலை பார்க்கிறவள். நெசவாளிகள் கொண்டுவரும் சேலையைப் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இழை விட்டிருக்கிறதா, ஜரிகை பிசிறியிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தப்புவது உள்ளங்கைக்குத் தப்பாது. நான் வேலையில் இருக்கும் நாளில் சேலை கொண்டுவரச் சில பேர் யோசிப்பார்கள் என்று முதலாளியே சொல்லிச் சிரிப்பார்.

வீட்டை விற்கிறவர் போளூர்க்காரர். பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்பதுதான் அவர் தொழில். வாசலில் நின்று வாங்கம்மா, வாங்கம்மா என்று வரவேற்றார். இதற்கு முன்னால் இங்கே ஒரு ஆபீஸ் உத்தியோகக்காரர் குடும்பம் இருந்ததாகவும், வீட்டை அவர்கள் பூப்போல வைத்திருந்ததாகவும் சொன்னார். என் கொழுந்தன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஓரகத்தி மட்டும் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என் பின்னாலேயே வந்தாள்.

கிளிப்பச்சை அலமாரி நேரில் இன்னும் அழகாக இருந்தது. கதவைத் திறந்தால் சத்தமில்லாமல் தானே மெதுவாக மூடிக்கொண்டது. நான் அதை மூன்று தடவை திறந்து மூடினேன். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அதற்கப்புறம்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். சுவரெல்லாம் உள்ளங்கையால் தடவினேன். படுக்கையறை மூலையில் பெயின்ட்டுக்கு அடியில் ஈரம் இருந்தது. பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன், அது குழாய்த் துளைக்குப் போகாமல் கதவுப் பக்கம் ஓடி வந்தது. பின்கதவு நிலையில் பழைய கரையான் தடத்தின் மேல் பட்டி பூசி மறைத்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல எனக்கு மனசு கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்தது. அவள் முகம் சுருங்கவில்லை. ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதிக்கொண்டே வந்தாள். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

கூடத்துக்குத் திரும்பி வந்தபோதுதான் அந்த ஜன்னலைப் பார்த்தேன். தெருப்பக்கச் சுவரில், என் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே ஆரம்பித்தது. புது கிரில், புதுக் கண்ணாடி, எல்லாம் போட்டிருந்தார்கள். ஆனால் உயரத்தை மாற்றவில்லை. உத்தியோகக்காரர் வீட்டில் இவ்வளவு தாழ்வாக ஜன்னல் எதற்கு? குழித்தறி போட்ட வீட்டில்தான் அப்படி வைப்பார்கள். நெய்கிறவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, கால் இரண்டையும் குழிக்குள் தொங்கவிட்டு மிதித்துக்கொண்டே நெய்வார். வெளிச்சம் அவர் கைமேல் விழ வேண்டும்.

எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. தறியை எடுத்துவிடலாம், குழியை எங்கே எடுத்துக்கொண்டு போவது? குனிந்தால் தொங்கித் தரையில் இடிக்கும் என்று கழுத்துச் செயினைக் கழற்றி ஓரகத்தி கையில் கொடுத்துவிட்டு, அந்த ஜன்னலுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, வீட்டுச் சாவியால் டைல்ஸைத் தட்டினேன். சுவரோரம் கெட்டியாகக் கேட்டது. ஒரு முழம் தள்ளித் தட்டினால் காலித் தகர டின் போலச் சத்தம் வந்தது. தட்டிக்கொண்டே நகர்ந்தேன். ஒரு ஆள் உட்கார்ந்து கால் நீட்டுகிற அளவுக்கு, சரியாக நீளச் சதுரமாக, அந்த வெற்றுச் சத்தம் கேட்டது.

"இங்க தறிக் குழி இருந்திருக்குது. சரியா மூடல," என்றேன்.

போளூர்க்காரர் சிரித்தார். பட்டு ஊர்க்காரங்களுக்கு எங்கே பார்த்தாலும் தறிதான் தெரியும் என்று கிண்டல் செய்தார். ஓரகத்தி சிரிக்கவில்லை. ஒரு டைல்ஸை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று மரியாதையாகச் சொன்னாள். அவர் முடியாது என்றார், டிசைன் கெட்டுவிடும் என்றார். அப்படியானால் அட்வான்ஸும் முடியாது என்று அவள் அதே மரியாதையோடு சொன்னாள். பின்பக்கம் பூச்சு வேலையில் இருந்த கொத்தனாரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

டைல்ஸ் பெயர்ந்தது. அடியில் கைவிரல் கனத்துக்கு சிமென்ட், அதற்கும் அடியில் கறுப்பாக உமிச்சாம்பல். எங்கள் ஆரணியில் அரிசி மில்லுக்குப் போனால் மூட்டை மூட்டையாகச் சும்மாவே அள்ளிக்கொண்டு வரலாம். குழியை அதைக் கொட்டியே நிரப்பியிருந்தார்கள். கொத்தனார் கம்பியை விட்டுப் பார்த்தார், அது முழங்கை ஆழம் தானாக இறங்கியது. ஒரு மழைக்காலம் போனால் சாம்பல் அமுங்கும், பீரோவை வைத்தால் பீரோவோடு தரை உள்ளே போகும் என்று அவரே சொன்னார். போளூர்க்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

வீடு போயிற்று என்று நினைத்தேன். கிளிப்பச்சை அலமாரி அவளுக்கும் இல்லை. இவ்வளவு நிம்மதியாக நான் தெருவில் நடந்து பல வருடமாகிறது. அன்று சாயங்காலம் உளுந்து ஊறவைத்து வடை சுட்டேன். என்ன விசேஷம் என்று கணவர் கேட்டார். சும்மாதான் என்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த வடை அவ்வளவு ருசியாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவள் மறுபடியும் போன் செய்தாள். போளூர்க்காரர் இறங்கி வந்துவிட்டாராம். சாம்பலை முழுக்க வெளியே அள்ளிப் போட்டு, ஜல்லியும் மண்ணும் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து, மேலே கான்கிரீட் போட்டு, கூடம் முழுவதும் புதிதாக டைல்ஸ் போட்டாகிவிட்டதாம். அவள் பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் போய் நின்று பார்த்திருக்கிறாள். நான் சொன்ன மற்றக் குறைகளையும் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரி செய்ய வைத்துவிட்டாள். நீங்கள் வந்து கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. இந்தத் தடவை சாதாரணப் புடவைதான். கூடத்தில் ஒரு டைல்ஸ் விடாமல் சாவியால் தட்டினேன். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். படுக்கையறை மூலையில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். பின்கதவுக்குப் புது நிலையே வைத்திருந்தார்கள், அதையும் நகத்தால் கீறிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஏதாவது ஒன்று, ஒரே ஒன்று கிடைத்துவிடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஒன்றும் கிடைக்கவில்லை. கொழுந்தன், போளூர்க்காரர், கொத்தனார் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒன்னும் சொல்றதுக்கு இல்ல. வாங்கலாம்," என்றேன்.

ஓரகத்தி நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். ஆண்கள் ரிஜிஸ்ட்ரேஷன் நாள் பற்றிப் பேச வாசலுக்குப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் நின்றோம். மனசு தாங்காமல் கேட்டேவிட்டேன். இன்ஜினியர் யாரையாவது கூட்டி வந்திருக்கலாமே, என்னை ஏன் இரண்டு தடவை அலைய வைத்தாய் என்று.

"இன்ஜினியர் மொதல்லயே வந்தாரு அக்கா. பத்து நிமிஷம் பாத்துட்டு சூப்பர்னு சொல்லிட்டுப் பூட்டாரு. நான் வாங்கினா அவருக்கு இன்னா, வாங்காட்டி இன்னா?" என்றாள். நான் தட்டிவிட்டுக் கீழே விட்டிருந்த சாவியை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். "நான் இந்த வூட்ட வாங்கவே கூடாதுன்னு நெனச்சிகினு பாக்கறவங்க ஒருத்தர் வேணும்னு இருந்துச்சி. அதான் உங்களக் கூப்ட்டேன்."

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. பால் வாங்கி வந்தீர்களா என்று கேட்கிற குரல். கோபப்படலாமா என்று யோசித்தேன். அவள் சொன்னதில் எதை இல்லையென்று மறுப்பது? இத்தனை வருடமாக யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்ததை அவள் முதலிலிருந்தே தெரிந்து வைத்திருந்தாள். தெரிந்துகொண்டு சண்டைக்கும் வரவில்லை, என்னை ஒதுக்கவும் இல்லை. வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

இப்போது அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகிறோம். பிள்ளைகள் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து விளையாடுகிறார்கள், மழைக்காலம் இரண்டு போய்விட்டது, தரை அப்படியே இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.