தொடரில் இல்லாத தாய்மாமன்

அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில், பெங்களூரிலிருந்து மகள் அழைத்தாள். “சின்ன வயசுல பார்த்தேன்னு சொல்வீங்களே, அந்தப் பழைய பிரிட்டிஷ் துப்பறியும் சீரியல், இப்பப் பார்க்கலாமாப்பா? இல்ல போரடிக்குமா?” பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

பாலக்கோட்டில், எங்கள் தெருவின் முதல் தொலைக்காட்சி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. ஞாயிறு மாலைகளில் அந்தத் தொடர் ஓடும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த அக்கா, பெட்டியின் மரக்கதவைப் பிடித்தபடி நின்று எங்களுக்குத் தமிழில் கதை சொல்வாள். இங்கிலீஷே புரிந்துவிட்டது, இதற்கு மேல் என்ன படிப்பு என்பது அப்பாவின் முடிவு. ஆவணியில் அவளைத் தாய்மாமனுக்குக் கொடுப்பதாகப் பேசியிருந்தார்கள். அவளுக்கோ தருமபுரிக் கல்லூரியில் சேர ஆசை. ஒருமுறை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள், அதோடு சரி.

தேதி குறிக்க மாமா வந்ததும் ஒரு ஞாயிறன்றுதான். தக்காளி மண்டி வைத்திருந்தவர், அதிகம் பேசமாட்டார். திரையில் ஓர் இளம்பெண் ஆற்றோரம் இறந்து கிடந்தாள். தொப்பி வைத்த அதிகாரி ஒருவர் வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் புள்ளைக்கு மேல படிக்கணும்னு ஆசை. வூட்டுல தாய்மாமனுக்குக் கட்டி வெக்கறதா முடிவு பண்ணிட்டாங்க. யாருகிட்டயும் சொல்ல முடியாம ஆத்துல உழுந்துடுச்சு,” என்றாள் அக்கா.

அம்மா உச்சுக்கொட்டினார். அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. “ஏம்புள்ள, வெள்ளக்காரன் ஊர்லயும் தாய்மாமனுக்குக் குடுப்பாங்களா?” அப்பா மாமாவிடம் திரும்பினார். “மாப்ள, நீதான் பி.ஏ. படிச்சவனாச்சே. நெசமாவே அப்படியா சொல்றான்?”

திரையில் அந்த அதிகாரி பேசுவதை மாமா கேட்டார்.

“ஆமாங்க மச்சான். அப்படித்தான் சொல்றான்.” பிறகு அக்காவைக் கேட்டார்: “அந்த மாமன் கெட்டவனாம்மா?”

“இல்லீங்க மாமா. நல்லவருதான். அவருகிட்ட யாரும் சொல்லல.”

அன்று தேதி குறிக்கவில்லை. மறுவாரம், இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று மாமா ஆள் அனுப்பினார். தம்பியோடு அம்மா நெடுநாள் பேசவில்லை. ஆனி மாதத்தில் அக்கா தருமபுரிப் பேருந்தில் ஏறினாள். பின்னாளில் தலைமையாசிரியையாகி ஓய்வு பெற்றாள்.

நேற்று அந்தக் கதையைப் பார்த்தேன். சொத்துக்காக நடந்த கொலை. தாய்மாமன் என்று ஒருவரும் இல்லை; படிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. பார்க்கலாம் என்று மகளுக்கு எழுதினேன்: மெதுவாகத்தான் நகரும், ஆனால் எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை அந்த அதிகாரி காத்திருக்கிறார்.

அந்த வயதில், கல்யாணத்துக்கு எடுத்துத் தருவதாகச் சொன்ன கால்சட்டை கைவிட்டுப் போன கோபத்தில், ஓர் இங்கிலீஷ் கதைக்குப் பயந்துவிட்டார் மாமா என்று பள்ளியில் சொல்லிச் சிரித்தேன். அவர் பி.ஏ.வில் படித்தது ஆங்கில இலக்கியம்.