ஐந்து மைல் பயணம் செய்த பேரிக்காய்கள்

காலை 8.40. கோலியர்ஸ் வுட் நிலையத்துக்கு முன்னால் நானும் என் மனைவி வசந்தியும் 57ஆம் இலக்க பஸ்ஸுக்காக நிற்கிறோம். என் கையில் ஓர் அட்டைப்பெட்டி, அவள் கையில் ஒரு பச்சைப் பை. இரண்டிலும் எங்கள் பின்வளவு மரத்துப் பேரிக்காய்கள். போகிற இடம் கிரிஸ்டல் பலஸ் மேட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு பழத்தோட்டம். ஐந்து மைல் தூரம் வரும். அங்கே இன்று அறுவடை விழா.

எங்கள் மரத்துக் காய் கல்லுப் போல இருக்கும். கடித்தால் நாக்கு மடங்கிவிடும். நாங்கள் வீடு வாங்கிய பதினொரு வருஷத்தில் அதை ஒருவரும் தின்றதில்லை. குளவி மட்டும் வரும். போன வருஷம் பின்வளவு நடைபாதையில் கிடந்த காயில் கால் வைத்து வசந்தி விழுந்தாள். ஆறு கிழமை கையில் கட்டு. இந்த வருஷம் அவளே மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டுவிட்டாள்: திங்கட்கிழமை ஒன்பது மணி, நானூற்றி இருபது பவுண்.

எனக்கு அந்த மரம் வேண்டும். வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடிக்க அதன் கீழே ஒரு கதிரை போட்டிருக்கிறேன். அந்த நேரத்தில்தான், முருகா, இன்றைக்குப் பிழையாக ஒன்றும் நடக்கவில்லை என்று மனம் கொஞ்சம் அடங்கும்.

நூலகத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் கண்டேன். "வாயில் வைக்க முடியாத பேரிக்காயா? கொண்டு வாருங்கள்" என்று இருந்தது. அப்படிப்பட்ட காயைப் பிழிந்து புளிக்க வைத்து 'பெரி' என்றொரு மது செய்வார்களாம். வசந்தியிடம் கெஞ்சினேன். அவர்கள் நல்ல காய் என்று சொன்னால் மரம் நிற்கட்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை என்றாள். தானும் வருவதாகச் சொன்னாள்.

"உங்களைத் தனிய விட்டால் அவையள் சொல்லாததையும் சொன்னதெண்டு வந்து நிப்பியள்."

பஸ்ஸுக்கு ஆளுக்கு ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பஸ் ஏறினால் அதற்குக் காசில்லை. ஒரு மணி நேரம் தாண்டிவிடுமோ, பெட்டியின் அடி பிய்ந்துவிடுமோ என்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"பெட்டிக்குள்ளே என்ன ஐயா, குழந்தையா? இருந்து பிடியுங்கள்."

9.25. ஸ்ட்ரெத்தமில் 249க்கு மாறினோம். ஒரு தாடிக்காரர் பெரிய கறுப்புப் பையோடு ஏறி என் பக்கத்தில் இருந்தார். ஏறியதும் பஸ் முழுக்க ஒரு மணம். பார்க்கில் இளவட்டங்கள் ஒளித்துப் புகைப்பார்களே, கிட்டத்தட்ட அதே மணம். பொலிஸ் ஏறினால் பக்கத்தில் இருக்கிற என்னையும் அல்லவா பிடிக்கும்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். வசந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டு, பைக்குள் என்ன என்று அந்த மனிதரிடம் நேரே கேட்டாள்.

அவர் பையைத் திறந்து காட்டினார். பச்சைக் கடதாசியில் மடித்ததுபோலச் சின்னச் சின்னப் பூக்கள். ஹொப்ஸ், பியருக்குக் கசப்பும் மணமும் கொடுப்பது. மூன்றாம் மாடி பல்கனியில் வளர்த்தாராம். இப்படி வீட்டுக்கு வீடு வளர்த்ததை இன்று அதே விழாவில் ஒன்றாகச் சேர்த்து, காயவிடாமல் பச்சையாகவே பியர் காய்ச்சுவார்களாம்.

"கஞ்சாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம்தான்," என்றார். "ஆனால் நல்ல பிள்ளை."

10.10. தோட்டத்துக்குள் நுழைந்தோம். சாய்ந்த நிலத்தில் அப்பிள் மரங்கள். ஒவ்வொன்றின் காலடியிலும் அதன் பெயர் எழுதிய பலகை. சிவப்பு, மஞ்சள், செம்பு நிறமாகச் சொரசொரத்தது என்று கூடை கூடையாகப் பழம். அப்பிள் கேக் துண்டு மூன்று பவுண். நடுவில் மரத்தாலான பிழிபொறி. அரைத்த பழத்தைத் துணியில் பொதிந்து அடுக்கி, மேலே இருக்கிற திருகை இரண்டு பேர் சுற்றிச் சுற்றி இறக்குகிறார்கள். பழுப்பு நிறச் சாறு வாளிக்குள் கொட்டுகிறது. மரங்களுக்கு நடுவே எங்கோ வயலின் வாசித்தார்கள்.

பொறிக்குப் பொறுப்பான பெண்ணின் பெயர் ரூத். முழங்கால் வரை சப்பாத்து, கையில் கத்தி. என் பெட்டியைப் பெருமையோடு திறந்தேன். மஞ்சள் மஞ்சளாகப் பழங்கள். மாங்காய் பழுக்க வைப்பதுபோல ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றி, வெந்நீர் பொயிலர் இருக்கிற சூடான அலுமாரிக்குள் பத்து நாள் வைத்து எடுத்தவை.

ரூத் ஒன்றை வெட்டினார். உள்ளே தேத்தண்ணிச் சாயம் போலக் களி. இன்னொன்று, அதுவும் அப்படியே. பேரிக்காய் நடுவிலிருந்துதான் அழுகும், வெளியே தெரியாது என்று மெதுவாகச் சொன்னார். நான் பெட்டியை மூடினேன். திங்கட்கிழமை ஒன்பது மணி.

"பாத்தியளே, பொயிலருக்குள்ள வச்சு அவிச்சுப்போட்டியள்," என்ற வசந்தி, தன் பச்சைப் பையை மேசையில் கவிழ்த்தாள். விடியவே நிலத்தில் பொறுக்கிய காய்கள். அடிபட்டு, புல் ஒட்டி, கறுத்த தோலோடு உருண்டன. மரத்துக்கு எதிரான சாட்சி என்று கொண்டு வந்திருக்கிறாள். "இதையும் பாருங்கள்," என்று ரூத்திடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "இதில்தான் நான் வழுக்கி விழுந்தேன்."

ரூத் ஒன்றைத் துடைத்துக் கடித்தார். முகம் ஒருபக்கம் இழுபட்டது. கண் நிறையத் தண்ணீர். துப்பிவிட்டுக் கத்தினார்: "எல்லாரும் வாருங்கள்! இதைக் கடித்துப் பாருங்கள்!"

திருகு சுற்றினவர்கள், தாடிக்காரர், வயலின்காரர் எல்லாரும் கடித்தார்கள், துப்பினார்கள், சிரித்தார்கள். நிலத்தில் விழுந்த காய்தான் பெரிக்குச் சரி, நாக்கை மடக்கும் இந்தக் கயர்ப்புத்தான் அதற்கு உயிர், லண்டனுக்குள் இப்படி ஒரு மரம் கிடைப்பது பெரிய விஷயம் என்றார் ரூத். "மிச்சம் எவ்வளவு இருக்கிறது?"

நான் வசந்தியைப் பார்த்தேன். அவள் வெறும் பையை மடித்துக்கொண்டு ஹொப்ஸ் மேசைக்குப் போய்விட்டாள்.

அங்கே நீளக் கொடிகளிலிருந்து பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். வசந்தி ஒரு கொடியை இழுத்தாள். இரண்டு நிமிஷத்தில் அது வெறும் தண்டு. பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"முருங்கையிலை ஆயிறதுதானே, இதென்ன பெரிய வேலை," என்று என்னிடம் சொன்னாள். விரலெல்லாம் பூவின் மஞ்சள் தூள். நான் கேட்க நினைத்ததைக் கேட்கப் பயந்து, அடுத்த கொடியை எடுத்துக் கொடுத்தேன். ஆறு கொடி முடித்தாள்.

12.30. ரூத் பேரிக்காய்ச் சாறு கொண்டு வந்தார். அன்று புரட்டாதிச் சனி, வசந்திக்கு விரதம். புளித்ததா, இன்று பிழிந்ததா என்று மூன்று தரம் கேட்டு, வாளியையும் எட்டிப் பார்த்த பிறகுதான் குடித்தாள். முழுவதையும் குடித்துவிட்டுக் கிண்ணத்தை மறுபடி நீட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் என்னிடம். பிறகு ரூத்தைப் பார்த்து: "எப்போது வருவீர்கள்?"

"திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரலாம். கீழே துணி விரித்து, தடியால் உலுக்கி எடுப்போம்."

"நடைபாதையில் ஒரு காய் கிடக்கக் கூடாது. வருஷா வருஷம் வர வேண்டும்."

ரூத் கை நீட்டினார். வசந்தி மஞ்சள் விரல்களால் குலுக்கினாள்.

3.15. திரும்பும் பஸ்ஸில் மரம் வெட்டுகிறவருக்குப் போன் எடுத்தாள். அவர் எடுக்கவில்லை, வர வேண்டாம் என்று செய்தி வைத்தாள்.

"அந்தாள் அதைக் கேக்காட்டி?" என்றேன்.

"கேக்கும்."

"இஞ்ச பார், ரூத் ஆக்கள் பிந்தி, அந்தாள் முந்தி வந்திட்டால்?"

"வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலாதே உங்களுக்கு?"

எனக்கு ஏலாது. அந்தத் தோட்டத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் பெயர்ப்பலகை இருந்ததே, அதுதான் வழியெல்லாம் கண்ணுக்குள் நின்றது. எங்கள் மரத்துக்குப் பதினொரு வருஷமாக ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழுகல் பழத்தைக் கொட்டிவிட்டு, அந்தப் பெட்டியின் மூடியைக் கிழித்து, 'தயவுசெய்து வெட்ட வேண்டாம்' என்று பெரிய ஆங்கில எழுத்தில் எழுதினேன். எழுத்துப்பிழை இருக்குமோ என்று இரண்டு தரம் பார்த்து, கயிறும் எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன்.

மரத்தில் ஏற்கனவே ஓர் அட்டை கட்டியிருந்தது. வசந்தியின் கையெழுத்து. 'தயவுசெய்து' இல்லை. அடிக்கோடு மட்டும் மூன்று.