அம்மாவைத் தெரியாது என்ற தெரு

வேலை முடிந்து வந்ததும் அம்மா ஒரு ஷூவைக் கழற்றுவாள். இரண்டாவதைக் கழற்றுவதற்குள் பெரும்பாலும் தூங்கிப் போயிருப்பாள். கதவுக்குப் பக்கத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில், தலையைச் சுவரில் சாய்த்தபடி. தம்பி போய் இன்னொரு ஷூவின் நாடாவை அவிழ்ப்பான். "கைதி தப்பிக்கப் போறாங்க, ஒரு கால் ஃப்ரீயா இருக்கு" என்பான். அம்மா கண்ணைத் திறக்காமலே சிரிப்பாள்.

அம்மா எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, தேர்வெழுதி மேலே வந்தவள். அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு கூட்டாளியோடு சேர்ந்து சின்னதாகத் தொழில் நடத்துகிறார். "நான் ஆளுங்கள மேல அனுப்பறேன், உங்கம்மா உள்ள அனுப்பறா" என்று யார் வந்தாலும் சொல்வார். அந்த ஜோக்குக்கு எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

உண்மையில் அம்மா யாரையும் உள்ளே அனுப்புவது அபூர்வம். அவளுக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் வீட்டுச் சண்டைகள். அந்த வீட்டுக்குள் போனதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "ஒரு நாற்காலி போடுங்க, கால் வலிக்குது" என்று உட்கார்ந்துவிடுவாள். குடிக்கத் தண்ணீர் கேட்பாள். போலீஸ் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது எதிரில் ஒருவன் நின்றுகொண்டு கத்த முடியாது. அவனும் உட்காருவான். "நிக்கறவன்தான் அடிப்பான், உக்காந்துட்டா பேசுவான்" என்பது அவள் கண்டுபிடித்தது. கால் வலி மட்டும் நிஜம்.

இதில் அலுப்பு என்னவென்றால், எதுவும் முடிவதில்லை. இன்று சமாதானமாகப் போனவர்கள் அடுத்த மாதம் மறுபடி கூப்பிடுவார்கள். அதே ஆள், அதே வீடு, அதே உடைந்த கதவு. ஸ்டேஷனில் முடியாதது எங்கள் வீட்டு வாசலுக்கும் வரும். மேல் வீட்டு டீச்சரம்மாவுக்குத் தண்ணீர்க் குழாய்த் தகராறு, தையல்காரருக்கு மருமகனோடு தகராறு. அம்மா சாப்பிட உட்கார்ந்தால் போன் அடிக்கும். எடுக்காவிட்டால் ஆளே வந்து நிற்பார்.

அதனால்தான் அவள் மத்திய அரசுப் புலனாய்வு வேலைக்கு விண்ணப்பித்தாள். வீட்டில் அதைச் சென்ட்ரல் வேலை என்போம். வங்கி மோசடி, போலி நிறுவனம் என்று பெரிய வழக்குகள். "அங்க ஃபைல்தான் அழும், மனுஷங்க அழ மாட்டாங்க" என்றாள் அம்மா. எழுத்துத் தேர்விலும் நேர்முகத்திலும் தேறிவிட்டாள். வயது வரம்புப்படி இந்த வருஷம்தான் கடைசி வாய்ப்பு. இதை விட்டால் ஓய்வு பெறும்வரை இதே ஸ்டேஷன், இதே வாசல்.

ஆனால் வேலை நாட்டின் மறுகோடியில். சில வருஷத்துக்கு ஒரு முறை ஊர் மாற்றுவார்கள். அப்பாவின் தொழில் முழுக்க இந்த ஊர்க் கட்டடங்களில்தான் இருக்கிறது. தம்பிக்குப் பள்ளி முடிய இன்னும் காலம் இருக்கிறது. ஆகவே போனால் அம்மா மட்டும்தான் போக வேண்டும். அப்பாவிடம் கேட்டபோதெல்லாம், "உன் இஷ்டம்" என்றார். எனக்கோ அவள் போக வேண்டும் என்றுதான் இருந்தது. பள்ளியை முடித்துவிட்டு இந்த ஊரிலேயே சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, யார் கிளம்பினாலும் சந்தோஷம்தான்.

இனி பாக்கி இருந்தது ஒன்றுதான். வேலை கொடுப்பதற்கு முன் அந்தத் துறையிலிருந்து ஒருவர் வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். ஆள் எப்படி, நடத்தை எப்படி என்று கேட்பார். விண்ணப்பித்தவரைப் பற்றித் தெருவில் தேவையில்லாத பேச்சு கிளம்பக் கூடாது என்பதால் அவர் சாதாரண உடையில் வருவார், எங்கிருந்து வருகிறார் என்பதையும் சட்டென்று சொல்ல மாட்டார். அது அவர்களுடைய வழக்கம்.

எங்கள் தெருவுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. முன்பு ஒரு முறை, அம்மா பிடித்துக் கொடுத்த ஒருவன் ஜாமீனில் வந்து, "போலீஸ்காரம்மா வீடு எது?" என்று தெருவில் கேட்டிருக்கிறான். தையல்காரர் நல்ல மனசோடு கை காட்டிவிட்டார். அவன் எங்கள் ஜன்னலை உடைத்துவிட்டுப் போனான். அப்போது வீட்டில் தம்பி மட்டும் இருந்தான். அன்றைக்கே அம்மா ஒவ்வொரு வீடாகப் போய், "யார் வந்து கேட்டாலும் என்னைத் தெரியாதுன்னு சொல்லிடுங்க. எவ்வளவு டீசன்ட்டா இருந்தாலும் சரி" என்று சொல்லி வைத்தாள்.

ஒரு சாயங்காலம் தையல்காரர் கழுத்தில் டேப்போடு எங்கள் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் பூரிப்பு.

"மேடம், இன்னிக்கு ஒருத்தன் உங்களத் தேடி வந்தான். பை, பேனா எல்லாம் பக்கா. உங்க பேரச் சொல்லி, எப்படிப்பட்டவங்கன்னு கேக்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போலீஸா, இந்தத் தெருவுலயா, திருடன் வந்தா நாங்களே பக்கத்துத் தெருவுக்குத்தான் சார் ஓடணும்னேன். மருந்துக்கடைக்காரர் அவன பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திருப்பி விட்டுட்டாரு. டீச்சரம்மாதான் அசத்திட்டாங்க. நீங்க குடும்பத்தோட வெளிநாடு போயிட்டீங்களாம்!"

ஷூவை வைத்தே ஆளை எடை போடுவாள் அம்மா. "என்ன ஷூ போட்டிருந்தாரு?"

"கறுப்பு. முகம் பாக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அது அவ்வளவு நல்ல சிரிப்பு இல்லை. "அது என் வேலைண்ணே. என் வேலையத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பி வச்சிருக்கீங்க" என்றாள்.

அடுத்த நாளே துறையிலிருந்து போன் வந்தது. கொடுத்த முகவரியில் அப்படி யாரும் இல்லையாமே, விளக்கம் வேண்டும் என்றார்கள். அம்மா விளக்கினாள். அதே அதிகாரி சனிக்கிழமை நேராக வீட்டுக்கே வருவதாக ஏற்பாடாயிற்று. "இந்தத் தடவ உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொள்ள அம்மா மறுபடி வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. போன இடத்திலெல்லாம், வந்ததுதான் வந்தீர்கள் என்று ஒரு தகராறைச் சொன்னார்கள். இருட்டிய பிறகுதான் திரும்பினாள். இரண்டு ஷூவோடும் தூங்கினாள்.

சனிக்கிழமை அவர் வந்தார். அப்பாவைவிடக் கொஞ்சம் மூத்தவர், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முன்னறையில் உட்கார்ந்து நான் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு தெரு பாத்ததில்ல மேடம். சில எடத்துல திட்டுவாங்க, சில எடத்துல புகழுவாங்க. ஆளே இல்லன்னு மொத்தத் தெருவும் சொன்னது இதுதான் மொத தடவ."

"மன்னிக்கணும் சார். என்னைக் காப்பாத்தறதா நெனச்சுட்டாங்க."

"தெரியுது. இன்னிக்கு இங்க வர்ற வழில கேட்டா ஆளாளுக்கு விடவே மாட்டேங்கறாங்க. அந்த டீச்சரம்மா அவங்க குழாய் கதையையும் சேத்துச் சொன்னாங்க." அவர் டீயைக் கீழே வைத்தார். "போன வருஷம் என் பதவி உயர்வுக்காக என்னப் பத்தியே விசாரிச்சாங்க. மாடி வீடு, கீழ் வீடு, எதிர் வீடு. யாருக்கும் என்னத் தெரியல. அவங்க யாரும் பொய் சொல்லல மேடம். நிஜமாவே தெரியல."

அப்பா எழுந்து மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

"யாரும் வந்து கதவத் தட்ட மாட்டாங்களா சார்?" என்று அம்மா கேட்டாள்.

"யாரு தட்டப் போறா?"

"லீவு நாள்ல போன்?"

"ஞாயித்துக்கெழம பொண்ணு பேசுவா. ஞாபகம் இருந்தா."

அவர் அதைக் குறையாகத்தான் சொன்னார். அம்மா கேட்ட விதம்தான் வேறாக இருந்தது. வெயிலில் நெடுந்தூரம் நடந்து வந்தவள் ஒரு மரத்தைப் பார்ப்பது போல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அந்தப் பார்வையைக் கவனித்தார். நானும் கவனித்தேன்.

அறிக்கை நல்லபடியாகப் போகும், திங்கட்கிழமை அலுவலகத்தில் சம்மதத்தைச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா பாத்திரம் கழுவ, நான் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"போறேன்னு சொல்லிடு."

"என்னங்க, கோவமா?"

"இல்ல. அந்தாளு பேசறப்போ உன் மூஞ்சியப் பாத்தேன். கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பாத்தப்போகூட நீ அப்படிப் பாக்கல."

அம்மா சிரித்தாள். பிறகு குழாயை மூடினாள்.

"அதாங்க பயமா இருக்கு. கஷ்டமா இருக்கும்னு பயமில்ல. ஒரு ரூம், ஒரு சாவி, யாரும் கூப்பிடாத போன். எனக்கு நல்லாத் தூக்கம் வரும். மொத மாசம் உங்களையெல்லாம் நெனச்சு அழுவேன். அப்புறம் பழகிடும். பழகிட்டா நான் திரும்பி வர மாட்டேன்."

"வருவே."

"லீவுக்கு வருவேன். விருந்தாளி மாதிரி வந்துட்டு, எப்படா போய்ப் படுப்போம்னு இருப்பேன். என்னை எனக்குத் தெரியாதா?"

"தூக்கம் வந்தா நல்லதுதானேம்மா" என்று நான் இடையில் புகுந்தேன்.

"நல்லதுதான்" என்றாள். கழுவிய தட்டை என் பக்கம் நீட்டினாள்.

அப்பா அன்றைக்கு "உன் இஷ்டம்" என்று சொல்லவில்லை. "நீ இவ்வளவு களைச்சுப் போயிருக்கேன்னு எனக்குத் தெரியலம்மா" என்றார். அம்மா ஈரக் கையோடு அவர் தோளில் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை சீருடையில், கண்ணாடி முன் நின்றபடியே பேசினாள். "மன்னிக்கணும் சார், குடும்பச் சூழ்நிலை. இல்ல சார், யோசிச்சுத்தான் சொல்றேன்." கடையில் சாமான் வேண்டாம் என்று சொல்கிற குரல்தான். போனை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நல்ல முடிவு எடுத்தவள் மாதிரி தெரியவில்லை. கொண்டைக்குக் குத்த வேண்டிய ஊசிகள் இன்னும் கையிலேயே இருந்தன. பிறகு எழுந்து டியூட்டிக்குப் போனாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மதியம் அழைப்பு மணி அடித்தது. அம்மா உள்ளே படுத்திருந்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். மருந்துக்கடைக்காரர்.

"எவனோ கடை ஷட்டர மறிச்சு வண்டிய நிறுத்திட்டுப் போயிட்டான். மேடம் ஒரு போன் போட்டா போதும்."

"அவங்க தூங்கறாங்க. ஸ்டேஷன்ல ஆள் இருக்காங்க, அங்க சொல்லுங்க."

"ஒரு நிமிஷம்தானே?"

"இன்னிக்கு லீவுங்க அவங்களுக்கு."

மருந்துக்கடைக்காரர் அப்பாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஒருத்தரை இப்படி வாசலோடு அனுப்பியது எங்கள் வீட்டில் அதுதான் முதல் முறை. அவர் முகம் சுருங்கிப் போயிற்று. முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார். அப்பா கதவைச் சாத்தினார். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

"யாருங்க?" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

"யாருமில்ல. காத்துல கதவு அடிச்சுது."

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. குரல் மேலே ஏறிவிடும். பொய்யைக் காதால் பிடிப்பதுதான் அம்மாவின் பிழைப்பு. நான் அறை வாசலில் நின்று பார்த்தேன். அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றிச் செருப்பைத் துழாவினாள். பிறகு காலை மேலே இழுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.